சந்தையில் இடம் மறுக்கப்பட்ட ஒரு கடை: சித்திரைச் சந்தைக் குழுவினருக்குத் திறந்த மடல்

சித்திரைச் சந்தைக் குழுவினருக்கு,

மினியாபொலிஸ் புறநகர்த் தமிழ்க் குடும்பங்களுக்காக நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் சித்திரைச் சந்தையில் என் கைவினைக் கடைக்கு இடம் ஒதுக்கி, அதற்கான கட்டணத்தையும் பெற்றுக்கொண்ட பிறகு, அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்துவிட்டதாகச் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். விற்பனையில் ஒரு பங்கு கறுப்பின, பூர்வகுடிப் பிரசவப் பணியாளர்களுக்குச் செல்கிறது என்று கடையில் எழுதி வைப்பது அரசியல், அரசியல் கலந்தால் உங்கள் வரிவிலக்குக்குச் சிக்கல் வரும் என்பது முதல் காரணம். நம்மவர்களிடம் திரட்டும் பணம் நம்மவர்களுக்கே பயன்பட வேண்டும் என்பது இரண்டாவது. குழந்தை குட்டிகளோடு வரும் இடத்தில் துணியால் செய்த கருப்பையையும் நஞ்சுக்கொடியையும் பரப்பி வைத்தால் வருவோர் முகம் சுளிப்பார்கள் என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உங்களில் ஒருவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் மறுப்பு எழுத்தில் வந்திருக்கிறது, அது என் ஒருத்தியின் கடையைப் பற்றியது மட்டும் அல்ல. ஆகவே பதிலையும் எல்லாரும் படிக்கும்படி எழுத்திலேயே தருகிறேன்.

என் கடை ஏதோ பிரசார மேடை என்பதுபோல் உங்கள் மின்னஞ்சல் பேசுவதால், அங்கே விற்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் துணியில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டு அலமாரிகளிலிருந்து வந்ததுதான். கட்டிக் கட்டித் தேய்ந்த சுங்குடிச் சேலைகளைப் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக்கட்டாகக் கிழித்து ஓரம் அடிக்கிறேன். பழகிய பருத்திக்கு இருக்கும் பிடிப்பு புதுத் துணிக்கு வராது என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த செய்தி. கெட்டியான கைத்தறிச் சேலைகளை இரட்டைத் தையல் போட்டு, வீட்டுக்கே சென்று பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள் பிறந்த குழந்தையைக் கிடத்திக் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்க்கும் தூளிகளாக்குகிறேன். தொப்புள்கொடி கட்டும் கயிற்றைப் பருத்தி நூலில் குரோஷே ஊசியால் பின்னுகிறேன். செயற்கை இழை பளபளவென்று இருக்கும், ஆனால் முடிச்சு நழுவிவிடும். இவை போக, கற்பிப்பதற்கான பொம்மைகள். நஞ்சுக்கொடிக்கு ஒருபுறம் மடிப்பு மடிப்பாகக் கருஞ்சிவப்புக் கம்பளி, குழந்தையை நோக்கிய மறுபுறம் வழுவழுப்பான சாட்டின். தொப்புள்கொடிக்குள் தடித்த சிவப்பு இழை ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய நீல இழைகள் இரண்டு: உயிர்வளி நிறைந்த குருதியைக் குழந்தைக்குக் கொண்டுவரும் சிரையும், பயன்பட்ட குருதியைத் திருப்பி அனுப்பும் இரு தமனிகளும்.

குழந்தைப் பொம்மைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கென்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். கோதுமை நிறத்திலிருந்து கருமை வரை பல நிறங்களில் செய்து தர முடியுமா என்று என்னிடம் கேட்டவர்கள் கறுப்பின டூலாக்கள், அதாவது கர்ப்பகாலத்திலும் பிரசவத்திலும் பெண்ணுக்குத் துணையிருக்கப் பயிற்சி பெற்றவர்கள்தான். பிறந்த குழந்தைக்குக் காமாலை இருக்கிறதா, உடல் நீலம் பாய்கிறதா என்று தோலைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் வெளிறிய தோலை அளவுகோலாக வைத்து உருவானது; கருந்தோல் குழந்தைக்கு ஈறு, உதடு, நாக்கு, கண்ணின் வெள்ளை, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பாடத்தை ரோஜா நிறப் பொம்மையை வைத்து நடத்த முடியாது. நம் வீடுகளில் பிறக்கும் குழந்தைகளும் ரோஜா நிறத்தில் பிறப்பதில்லை என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை என்று நம்புகிறேன்.

இவற்றை விற்று வருவதில் ஐந்தில் ஒரு பங்கைக் கறுப்பின, பூர்வகுடி டூலாக்களுக்கும் மருத்துவச்சிகளுக்கும் கொடுக்கிறேன். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் விதிப்பதில்லை. தொடக்கத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடத்தலாமா என்று நான் கேட்டபோது, ஓஜிப்வே என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த டூலா ஒருவர், "கூட்டம் வேண்டாம், காருக்குப் பெட்ரோல் போட உதவுங்கள்" என்றார். அவர் சொன்னதன் பொருள் இந்த மாநிலத்தின் வரைபடத்தைப் பார்த்தால் புரியும். ரெட் லேக், லீச் லேக், ஒயிட் எர்த் ஆகிய பூர்வகுடி நிலப்பகுதிகள் இங்கிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன. வடகிழக்கு மூலையில் உள்ள கிராண்ட் மரேயில் 2015-இல் பிரசவம் பார்ப்பது நிறுத்தப்பட்ட பின், அவ்வூர்ப் பெண்கள் 110 மைல் தள்ளி டலூத் நகருக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் அப்பால் கனடா எல்லையை ஒட்டிய கிராண்ட் போர்ட்டேஜில் வாழும் ஓஜிப்வே பெண்களுக்கு இன்னும் தொலைவு. சனவரி மாதப் பனியில், வலி எடுத்த பெண்ணோடு அந்தச் சாலையில் போய் வருபவருக்கு என் கடையிலிருந்து கிடைப்பது பெட்ரோல் காசுதான்.

டூலாக்களுக்கு அரசே பணம் கொடுக்கிறதே என்றும் உங்களில் ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுக்கிறது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீட்டின் வழியே டூலாக்களுக்குப் பணம் கொடுக்க 2013-இல் சட்டம் இயற்றிய மினசோட்டா, நாட்டிலேயே அதை முதலில் செய்த மாநிலங்களுள் ஒன்று. தொடக்கத்தில், கர்ப்பகாலச் சந்திப்புகளும் இரவு பகலாக உடனிருக்கும் பிரசவமும் சேர்த்து மொத்தமாக 411 டாலர் வரைதான் கிடைத்தது. 2024 முதல் பிரசவத்துக்கு 1,400 டாலரும் ஒவ்வொரு சந்திப்புக்கும் 100 டாலரும் என்று உயர்த்தியிருக்கிறார்கள். அது அந்தப் பெண்கள் போராடிப் பெற்றது. ஆனால் அந்தப் பணம் வேலை முடிந்து, கணக்கு அனுப்பி, காத்திருந்த பிறகு வருவது. பயிற்சிக் கட்டணம், சான்றிதழ், நள்ளிரவில் அழைப்பு வந்தால் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகிய செலவுகள் எல்லாம் அதற்கு முன்னே வந்து நிற்கின்றன.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன். முதல் காரணத்துக்குச் சில வரிகள் போதும். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகளுக்கு இந்நாட்டுச் சட்டம் விதிக்கும் தடை, தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரம் செய்யக் கூடாது என்பது. பிள்ளை பெறும் பெண்ணுக்குத் துணையாகப் போகிறவருக்குக் கடைக்காரர் ஒருவர் தன் வருமானத்தில் பங்கு கொடுப்பது அந்தத் தடைக்குள் எங்கே வருகிறது என்று உங்கள் கணக்காயரையே கேட்டுப் பாருங்கள். கடந்த ஆண்டு இதே சந்தையில் தாயகத்துக் கண் மருத்துவமனைக்கு நிதி திரட்டிய கடைக்கு நீங்கள் முன்வரிசையில் இடம் கொடுத்தீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அது அறம் என்றால் இதுவும் அறம்தான்.

அரசியல் என்ற சொல்லை நீங்கள் எடுத்துவிட்டதால், எந்த எண்களைப் பார்த்து நான் இதில் இறங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கின்படி 2023-இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இறந்த தாய்மார்கள், வெள்ளையரிடையே 14.5, கறுப்பினத்தவரிடையே 50.3. நம் மாநிலச் சுகாதாரத் துறை 2017, 2018 ஆண்டுகளில் கர்ப்பத்தின்போதும் அதன் பின் ஓராண்டுக்குள்ளும் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தது. பிள்ளை பெற்றவர்களில் கறுப்பினப் பெண்கள் 13 விழுக்காடு, மரணங்களில் 23 விழுக்காடு. பூர்வகுடிப் பெண்கள் பிள்ளை பெற்றவர்களில் வெறும் 2 விழுக்காடு, மரணங்களில் 12 விழுக்காடு. வறுமையும் படிப்பின்மையும்தான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஷலான் இர்விங் என்ற கறுப்பினப் பெண் அதே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் கொள்ளைநோயியல் ஆய்வாளராக இருந்தவர், முனைவர் பட்டம் பெற்றவர், நல்ல காப்பீடு உள்ளவர். 2017 சனவரியில், மகளைப் பெற்ற மூன்றே வாரத்தில், மருத்துவர்களிடம் திரும்பத் திரும்பப் போய் முறையிட்ட பிறகும், உயர் இரத்த அழுத்தத்தின் விளைவுகளால் இறந்தார். அவருக்கு வயது 36. இந்நாட்டில் நேரும் இத்தகைய மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று மாநில ஆய்வுக் குழுக்கள் கண்டிருக்கின்றன.

அருகில் ஒருவர் தொடர்ந்து இருப்பதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு மருத்துவ ஆய்விலேயே பதில் இருக்கிறது. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 சோதனைகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, பிரசவம் முழுவதும் ஒரு துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் குறைந்ததையும் வலி எடுக்கும் நேரம் சுருங்கியதையும் காட்டியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவரை அனுமதிக்கத் தொடங்கியதும் இதே அறிவின் அடிப்படையில்தான்.

'நம்மவர்' என்ற இரண்டாவது காரணம்தான் என்னை மிகவும் வருத்தியது. என் முதல் பிரசவத்தின்போது அம்மாவுக்கு விசா மறுக்கப்பட்டது. துணைக்கு வந்தவர் வடக்கு மினியாபொலிஸைச் சேர்ந்த கறுப்பின டூலா. குழந்தை பிறந்து எல்லாரும் ஓய்ந்திருந்த நேரத்தில், உதிரப்போக்கு வழக்கமானதுதான் என்று சொல்லிவிட்டுச் செவிலியர் போய்விட்டார். டூலா மட்டும் என் அணையாடையைப் பார்த்து, பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டாவதும் நனைந்துவிட்டது என்று குரலை உயர்த்தாமல், அதே சமயம் வாசலை விட்டு நகராமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மருத்துவர் வந்தார், கருப்பையை அழுத்திப் பிடித்தார், ஊசி போட்டார்கள். எனக்கு நம்மவர் யார் என்பதை அந்த இரவுக்குப் பிறகு வேறு யாரும் வரையறுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குழுவில் உள்ள இரு குடும்பங்களின் பிரசவத்துக்கும் அவர் போயிருக்கிறார். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள் என்பதால் நான் மேலே சொல்லப் போவதில்லை.

மேலே சொன்ன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் ஆசியப் பெண்களின் எண் 10.7. எல்லாரிலும் குறைவு. நம் கூடத்தில் யாரும் சாகவில்லை என்பதால் பக்கத்துத் தெருவின் சாவு நமக்குக் கேட்கவில்லை. நாம் வந்து இறங்குகிற விமான நிலையத்துக்கு அருகில், மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் கூடும் இடத்தைத் தங்கள் மக்கள் தோன்றிய இடமாக டக்கோட்டா என்ற பூர்வகுடி மக்கள் போற்றுகிறார்கள். 1862-63 குளிர்காலத்தில் டக்கோட்டாப் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக ஏறத்தாழ 1,600 பேரை அடைத்து வைத்த ஸ்நெல்லிங் கோட்டை முகாமும் அங்கேதான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். இந்தியர்களுக்கு இந்நாட்டின் கதவு அகலத் திறந்தது 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால். அந்தச் சட்டம் வரும் சூழலை உருவாக்கியது கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டம். இவற்றைக் கடன் என்று சொல்லி உங்களை வற்புறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் இவர்கள் நமக்குத் தொடர்பில்லாதவர்கள் என்று எழுத்தில் சொல்வதற்கு முன் யோசித்திருக்கலாம்.

கறுப்பின, பூர்வகுடிப் பணியாளர்களுக்கென்று தனியாக ஏன் கொடுக்க வேண்டும், எல்லா டூலாக்களுக்கும் கொடுக்கலாமே என்பதும் என்னிடம் பலர் அடிக்கடி கேட்கும் கேள்வி. பிரசவம் பார்ப்பது இம்மக்களின் கையில்தான் இருந்தது. அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. தென் மாநிலங்களில் கறுப்பின மருத்துவச்சிகள் பல தலைமுறைகளாகக் கறுப்பினப் பெண்களுக்கும் ஏழை வெள்ளைப் பெண்களுக்கும் பிரசவம் பார்த்தார்கள். தாய்-சேய் நலத்துக்கென்று 1921-இல் இயற்றப்பட்ட ஷெப்பர்ட்-டவுனர் சட்டத்தின் நிதி அவர்களுக்குப் பயிற்சியைக் கொண்டுவந்தது. கூடவே பதிவையும் கண்காணிப்பையும் கொண்டுவந்தது. அனுமதிக்கப்படாத மூலிகை ஏதும் இருக்கிறதா என்று அவர்களின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். டூலாக்களுக்குப் பை தைக்கும்போதெல்லாம் அந்தச் சோதனை எனக்கு நினைவுக்கு வரும். அலபாமாவின் கிரீன் கவுண்டியில் 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கையில் ஏந்திய மார்கரெட் சார்லஸ் ஸ்மித் போன்றவர்களின் தொழிலுக்கு அம்மாநிலம் 1976-இல் சட்டப்படி முடிவு கட்டியது. அதே 1976-இல், பூர்வகுடியினருக்காகக் கூட்டரசு நடத்தும் 'இந்தியர் சுகாதாரச் சேவை'யின் நான்கு வட்டாரங்களில் மட்டும் மூன்றாண்டு சொச்சத்தில் 3,406 கருத்தடை அறுவைகள் நடந்ததையும், ஒப்புதல் பெற்ற முறைகளில் குறைகள் இருந்ததையும் கூட்டரசின் தணிக்கை அறிக்கை வெளியிட்டது. பாட்டிக்கு நேர்ந்ததை அறிந்த பேத்தி பிரசவ அறைக்குள் நுழையும்போது தன் மொழியும் தன் முறையும் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதில் வியப்பில்லை. ஆனால் இன்று சான்று பெற்ற செவிலிய மருத்துவச்சிகளில் பத்தில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. பூர்வகுடியினர் அதிலும் மிகக் குறைவு.

ஒரு சிறு கடையின் ஐந்தில் ஒரு பங்கால் என்ன ஆகும் என்று சிரித்தவர்களும் உண்டு. தென் கரோலினாவின் பைன்வில்லில் மாட் காலன் என்ற கறுப்பினச் செவிலிய மருத்துவச்சி இருந்தார். 1951-இல் லைஃப் இதழில் அவரைப் பற்றிய படக்கட்டுரை வந்ததும், வாசகர்கள் சிறுகச் சிறுக அனுப்பிய பணம் 20,000 டாலரைத் தாண்டியது. அதைக் கொண்டு 1953-இல் அவருக்கென்று ஒரு சிறு மருத்துவ நிலையமே எழுந்தது. நான் அவ்வளவு பெரிய கனவெல்லாம் காணவில்லை. பெட்ரோல் காசு போதும்.

இவர்களுடைய பெயரைச் சொல்லி நான் வியாபாரம் செய்கிறேனோ என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், அது கேட்க வேண்டிய கேள்விதான். மறுப்புக் கடிதத்தில் நீங்கள் அதைக் கேட்கவில்லை. கணக்கைக் கடையிலேயே மாட்டி வைக்கிறேன், பணம் பெறுவோரின் ஒப்புதலோடு. ஓஜிப்வே மக்களின் தொட்டில் பலகையையோ டக்கோட்டாக்களின் நட்சத்திரப் போர்வையையோ நான் செய்து விற்பதில்லை. பூர்வகுடி அல்லாதவர் தம் பொருளைப் பூர்வகுடிக் கைவினை என்று விற்பதை 1990-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவர்கள் செய்து அவர்கள் விற்க வேண்டியது. நான் தைப்பது நம் சேலையில், நம் முறையில்.

மூன்றாவது காரணத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தயங்கினேன். கம்பளியில் பின்னிய கருப்பை ஆபாசம் என்றால், சென்ற ஆண்டு மேடையில் எட்டு வயதுப் பிள்ளைகள் இடுப்பை ஒடித்து ஆடிய திரைப்பாட்டு என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த விவாதம் இங்கே வேண்டாம். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்த மருத்துவச்சிகளை, நம் கொள்ளுப்பாட்டிகளின் உயிரை அவர்கள் காத்திருந்தும், சாதியைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தி வைத்தோம். தொப்புள்கொடி அறுத்தவரைத் தீண்டத்தகாத வேலை செய்தவர் என்றோம். மருத்துவச்சியின் வேலை அசுத்தம், அதன் கருவிகள் பார்க்கத் தகாதவை என்ற எண்ணம் எங்கிருந்து நமக்கு வந்தது என்பதை உங்கள் குழு ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். என் கடையில் அந்தப் பொம்மைகளை அதிகம் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்பவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள். அவர்களின் தாய்மார் யாரும் இதுவரை அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றதில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. ஒதுக்கீட்டை ரத்து செய்த முடிவைத் திரும்பப் பெற்று, முன்பு கொடுத்த அதே இடத்தை, பங்கு யாருக்குச் செல்கிறது என்ற அறிவிப்புப் பலகையோடும் எல்லாப் பொம்மைகளோடும் கடை வைக்கும் உரிமையோடு, எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். நிதி திரட்டும் கடைகளுக்கான விதி என்று ஒன்று இருந்தால், அதைச் சந்தைக்கு விண்ணப்பிக்கும் அனைவரும் பார்க்கும்படி வெளியிட்டு, கண் மருத்துவமனைக்கும் டூலாவுக்கும் ஒரே அளவில் பொருத்த வேண்டும். இல்லையென்றால், இல்லாத விதியின் பேரில் முடிவெடுத்ததைப் பதிவு செய்ய வேண்டும். 'நம்மவர்களுக்கே' என்ற வாசகத்தை மின்னஞ்சலிலிருந்து நீக்கித் திருத்திய மடல் ஒன்றை, முதல் மடலின் நகல் சென்ற அனைவருக்கும் அனுப்ப வேண்டும். சந்தையன்று நீங்கள் நடத்தும் மருத்துவ முகாமில் பேறுகால ஆபத்தின் அறிகுறிகளைப் பற்றிப் பேச ஒரு கறுப்பின மருத்துவச்சியையும் ஒரு பூர்வகுடி டூலாவையும் அழைத்து, மற்ற மருத்துவர்களுக்கு நீங்கள் தரும் மதிப்பூதியத்தையே அவர்களுக்கும் தர வேண்டும். சேவை மனப்பான்மையோடு இலவசமாக வாருங்கள் என்று அவர்களிடம் கேட்கக் கூடாது. முடிவை மாற்றுவதில்லை என்று தீர்மானித்தால், யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை அடுத்த பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும். அங்கே பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். சந்தைக்குத் துணி வெட்டித் தைத்து முடிக்க எனக்கு அவகாசம் தேவை என்பதால், இம்மாத இறுதிக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சந்தையில் ஆண்டுதோறும் கடை வைத்துவரும் உறுப்பினர்
மினியாபொலிஸ், மினசோட்டா